வானில் 18 நிமிடம், வானில் ஆறு மணி நேரம்

ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் ஊருக்கு வருவதற்கு ஒரு கிழமைக்கு முன் தொலைபேசி எடுத்தாள். "கொழும்பிலயிருந்து திருகோணமலை 237 கிலோமீற்றர்தானே, பிளேனில 18 நிமிடம் எண்டு இணையத்தில போட்டிருக்கு. நீங்கள் ஏன் இரவிரவா வானில வரச் சொல்லுறீங்கள்?" என்று கேட்டாள்.

வானில் வந்தால் 18 நிமிடம், வானில் வந்தால் ஆறு மணி நேரம். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். முதலாவது ஆகாயம், இரண்டாவது கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றப் போகிற வாடகை வாகனம்.

மச்சாள் பார்த்த கணக்கு சரி. 237ஐ ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 800 கிலோமீற்றரால் வகுத்தால் கிட்டத்தட்ட 18 நிமிடம்தான் வரும். ஆனால் திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடையில் 18 நிமிடத்தில் போய்ச் சேர்கிற பயணிகள் விமானம் என்று ஒன்று இல்லை.

எங்கள் ஊரில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. அதனால் விமானத் தூரமும் நேரமும் எல்லோர் வாயிலும் அடிபடுகிற பேச்சு. "உலகம் சுத்துறதாலதான் போகேக்க கூட நேரம் எடுக்குது" என்பார் ஒருவர். "நேராப் போகாமல் ஏன் பனிப்பக்கமாச் சுத்திக்கொண்டு போறான்?" என்பார் இன்னொருவர். டிக்கெட்டை நீட்டி, "லண்டனுக்கு ஐந்தரை மணித்தியாலம்தான், இஞ்ச பார்" என்று சாதிப்பவரும் உண்டு. இந்த மூன்றும் பிழை. எங்கே பிழைக்கிறது என்று பார்க்கக் கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

மூதூருக்கு எவ்வளவு தூரம்?

பக்கத்தில் இருக்கிற ஊரிலிருந்தே தொடங்குவோம். கொட்டியாரக் குடாவுக்கு இந்தக் கரையில் திருகோணமலை, அந்தக் கரையில் மூதூர். நேராக ஒரு கோடு இழுத்தால் 13 கிலோமீற்றர் அளவு வரும். லோஞ்சில் போகிறவர்கள் ஏறத்தாழ அந்தக் கோட்டின் மேல்தான் போவார்கள். தரையால் போவதென்றால் சீனக்குடா, கிண்ணியா என்று குடாவைச் சுற்றிக்கொண்டு முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும்.

பாலம் வருவதற்கு முன் கிண்ணியாவில் 'பாதை'க்குக் காத்து நிற்பது தனிக் கதை. (வெளியூர் வாசகருக்கு: இங்கே பாதை என்றால் வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை.) வாகனம் வரிசையில் நிற்கும், கச்சான்கொட்டைச் சுருள் ஒன்று முடிந்து இரண்டாவதும் முடியும், பாதை இன்னும் அந்தக் கரையிலேயே நிற்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். அதற்குப் பிறகு தூரம் பெரிதாக மாறவில்லை. காத்திருந்த நேரம்தான் போய்விட்டது.

மூதூர்ப் பயணம் தெரிந்தவருக்கு விமானக் கணக்கில் பாதி ஏற்கெனவே தெரியும். ஒரே இரண்டு ஊர்களுக்கு இரண்டு தூரம் உண்டு. இரண்டு புள்ளிகளை நேராக இணைத்தால் வருவது நேர்கோட்டுத் தூரம். உண்மையில் ஓடுகிற வழியை அளந்தால் வருவது வழித்தூரம். இந்த இரண்டையும் விட்டுத் தனியாக நிற்பது நேரம்.

கொழும்புக்கு வருவோம். நேர்கோட்டுத் தூரம் 237 கிலோமீற்றர், வீதியால் போனால் சுமார் 260. பெரிய வித்தியாசம் இல்லை, ஏனென்றால் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று அந்த வீதி பெரும்பாலும் தென்மேற்குத் திசையிலேயே இறங்குகிறது.

ஆனால் அந்த 237 எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு? நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு. விமானம் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஏறிக் காலிமுகத்திடலில் இறங்குவதில்லை. அது ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்குப் போகிறது. எங்கள் பக்கத்து ஓடுபாதை சீனக்குடாவில் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தோடு சேர்த்துக் குண்டு போட்ட அதே இடம், இப்போது விமானப்படையின் கையில். அங்கிருந்து கட்டுநாயக்க ஓடுபாதைக்கு நேர்கோட்டில் 207 கிலோமீற்றர். நகரத்தை வைத்து அளந்ததோடு ஒப்பிட்டால் 30 கிலோமீற்றர் குறைவு. கட்டுநாயக்கவில் இறங்கியவர் கொழும்புக் கோட்டைக்குப் போக அந்த 30ஐத் தரையில் ஓடித்தான் தீர்க்க வேண்டும்.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எங்கிருந்து எங்கே, நேர்கோடா வழியா என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காவிட்டால் எண் சரியாக இருந்தும் உதவாது.

ஒரே தூரத்துக்கு மூன்று எண்

இதே 237 கிலோமீற்றரை ஓர் இடத்தில் 147 என்றும் இன்னோர் இடத்தில் 128 என்றும் போட்டிருப்பார்கள். மூன்றும் ஒன்றே. 147 என்பது தரை மைல், எங்கள் பெரியவர்கள் 'கட்டை' என்று சொல்வது. நிலாவெளி வீதியில் கிலோமீற்றர்க் கல் வந்து எத்தனையோ வருடம் ஆகியும் மூன்றாம் கட்டை, நாலாம் கட்டை என்றுதான் இன்னும் இடம் சொல்கிறோம்.

128 என்பது கடல் மைல். துறைமுகத்து ஊர்க்காரருக்கு இது புதிதில்லை. கப்பலும் விமானமும் இதில்தான் அளக்கின்றன, காரணமும் அழகானது. பூமத்திய கோட்டிலிருந்து துருவம் வரை 90 பாகை. ஒரு பாகையை அறுபது பங்காக்கினால் ஒரு பங்கின் நீளம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீற்றர். திருகோணமலை 8 பாகையும் 34 பங்கும் வடக்கே இருக்கிறது. எட்டை அறுபதால் பெருக்கி 34ஐக் கூட்டினால் 514. பூமத்திய கோட்டிலிருந்து எங்கள் ஊர் 514 கடல் மைல். வரைபடத்தின் ஓரத்து எண்ணை வைத்தே தூரம் சொல்லிவிடலாம், அளவுகோல் வேண்டாம்.

தோடம்பழத்தில் நேர்கோடு

இலங்கைக்குள் நிற்கும்வரை பூமி தட்டையா உருண்டையா என்பது இந்தக் கணக்குக்குப் பொருட்டில்லை. கனடா என்று வந்தவுடன் உருண்டை என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், தையல் நூலும் ஒரு முழம் வேண்டும். இல்லையென்றால் தோடம்பழம் ஒன்றில் பேனையால் இரண்டு புள்ளி போட்டாலும் சரி. நான் மருமகனின் பள்ளிக்கூட உருண்டையில் செய்து பார்த்தேன். இடது கைப் பெருவிரலால் நூலின் ஒரு நுனியைக் கொழும்பில் அழுத்திப் பிடித்து, மறு நுனியை ரொறன்ரோவில் வைத்து இழுத்தேன். முதலில் நூல் அரபு நாடுகள், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் என்று தொங்கிக்கொண்டு போனது. இழுக்க இழுக்க அது தானாக வழுக்கி வடக்கே ஏறியது. இறுகி நின்றபோது கசகஸ்தான், ரஷ்யா, பின்லாந்தின் வடமுனைப் பக்கம், கிறீன்லாந்து என்று பனிநாடுகளுக்கு மேலே கிடந்தது. மருமகன் நான் ஏதோ வித்தை செய்வதாக நினைத்தான். நான் நூலைத் தள்ளவில்லை. இறுக்கின நூல் ஆகக் குறுகிய வழியைத் தானே தேடிப் போகிறது, அவ்வளவுதான்.

அப்படி இறுகி நிற்கிற நூல் காட்டுவதுதான் பெருவட்ட வழி. உருண்டையை அதன் நடுப்புள்ளி வழியாகச் சரிபாதியாக வெட்டினால் மேலே தெரிகிற வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். எந்த இரண்டு ஊர்களையும் இணைக்கிற ஆகக் குறுகிய வழி அத்தகைய ஒரு வட்டத்தின் துண்டாகத்தான் இருக்கும். இணையத்தில் 'விமானத் தூரம்' என்று வருவது பெரும்பாலும் இதுதான். கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் அது ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். உலகத்தின் சுற்றளவே 40,000தான்.

அப்படியானால் சுவரில் தொங்குகிற வரைபடத்தில் இந்த வழி ஏன் வளைந்து தெரிகிறது? தோடம்பழத் தோலை உரித்து மேசையில் தட்டையாக விரித்துப் பாருங்கள், கிழியும். கிழியாமல் விரிக்க வேண்டுமென்றால் மேலும் கீழும் இழுத்துப் பெருப்பிக்க வேண்டும். நாம் பார்த்துப் பழகிய வரைபடம் அப்படி இழுக்கப்பட்டது, 1569இல் மெர்கேற்றர் என்பவர் கடலோடிகளுக்காகப் போட்ட முறை. அதில் கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஆபிரிக்கா அதைவிட 14 மடங்கு பெரியது. வடக்கு அவ்வளவு இழுபட்டிருக்கும் வரைபடத்தில், வடக்கால் போகிற குறுக்குவழி பெரிய சுற்றுப்போலத் தெரிவதில் வியப்பில்லை.

எண்ணில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்குப் பெருவட்ட வழி சுமார் 11,080 கிலோமீற்றர். ஐஸ்லாந்துக்குத் தெற்கே போய், கிறீன்லாந்தின் தென்முனையை உரசிக்கொண்டு இறங்கும். அதே இரண்டு ஊரையும் சுவர் வரைபடத்தில் அடிமட்டம் வைத்து இணைத்து, அந்தக் கோட்டிலேயே பறந்தால் 12,400ஐத் தாண்டும். 'நேராக'ப் போனால் 1,300 கிலோமீற்றருக்கு மேல் நட்டம்.

இதில் இன்னொரு சங்கதி எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கொழும்பிலிருந்து டுபாய் 3,290, அங்கிருந்து ரொறன்ரோ 11,080. கூட்டினால் 14,370. எங்கும் நிற்காமல் நேரே பறக்க முடிந்தாலும் 14,000. டுபாயில் இறங்கி ஏறுவதால் கூடுவது 400 கிலோமீற்றருக்கும் குறைவு, அரை மணிப் பறப்பு. லண்டன் வழியாகப் போனாலும் கணக்கு கிட்டத்தட்ட அதேதான். "சுத்திக் கூட்டிக்கொண்டு போறாங்கள்" என்று நாங்கள் புறுபுறுப்பது தூரத்தைப் பொறுத்தவரை அநியாயம். நேரத்தை விழுங்குவது அங்கே கதிரையில் குந்தியிருக்கிற நாலு மணியும் ஐந்து மணியும்.

அதற்காக விமானங்கள் எப்போதும் நூல் பிடித்தாற்போலப் போவதுமில்லை. வானத்திலும் வீதிகள் உண்டு, மூடிய வீதிகளும் உண்டு. 2022 பெப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்பரப்பு ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதால் லண்டனிலிருந்து ரோக்கியோ போகிறவை சுற்றிப் போகின்றன. பெருவட்டத் தூரம் மாறவில்லை. வழியும் நேரமும் மாறின. கிண்ணியாப் பாலத்தின் கதைதான், தலைகீழாக.

வகுத்தால் நேரம் வருமா?

கந்தளாய் தாண்டினால் வீதி நேர், பஸ் 80ஐத் தொடும். அதற்காக 260ஐ 80ஆல் வகுத்து, மூன்றேகால் மணியில் கொழும்பு போகலாம் என்று யாரும் சொல்வதில்லை. நகரத்தை விட்டு வெளியேறுவது, சந்திக்குச் சந்தி நிற்பது, தம்புள்ளைத் தேநீர், குருநாகல் நெரிசல் எல்லாம் எங்களுக்குத் தெரியும். விமானம் என்றவுடன் மட்டும் அந்த அறிவு எங்கேயோ போய்விடுகிறது.

ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800, 850 என்பது பயணத்தின் நடுப்பகுதிக்கு மட்டும் பொருந்தும். மேலே ஏறி முடிந்து, சுமார் பத்து, பதினொரு கிலோமீற்றர் உயரத்தில் சமமாகப் பறக்கும்போது உள்ள வேகம் அது. அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது?

கதவு பூட்டியதும் வண்டி ஒன்று விமானத்தைப் பின்னால் தள்ளும். பிறகு அது ஓடுபாதையின் நுனிவரை ஊர்ந்து போகும், முன்னால் நாலு விமானம் நின்றால் வரிசையில் நிற்கும். கிளம்பியதும் முதல் மூன்று கிலோமீற்றர் உயரத்துக்குப் பொதுவாக வேகக் கட்டுப்பாடு உண்டு. இறங்குவதும் ஒரே மூச்சில் நடக்காது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு 200 கிலோமீற்றர் இருக்கும்போதே இறக்கம் தொடங்கிவிடும்.

அந்த 200ஐ எங்கள் ஊரில் வைத்துப் பாருங்கள். சீனக்குடாவுக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையில் இருப்பதே 207. ஒரு பெரிய ஜெட் இந்த வழியில் பறந்தால் ஏறி முடிவதற்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். 800 என்ற வேகத்தை அது கண்ணாலும் காணாது. அதனால்தான் இந்த வழிக்குச் சின்ன விமானம் பொருத்தம். செஸ்னா காரவன் போன்ற ஒற்றை இயந்திர விமானம் மணிக்கு 300 அளவில் போகும். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதையில் ஊர்வது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட. 18 நிமிடத்துக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி!

டிக்கெட்டில் போடுகிற நேரம் பறக்கிற நேரமில்லை, பிளொக் நேரம். நின்ற இடத்தில் விமானம் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பார்கள். அந்தக் கட்டையை எடுப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைப்பது வரையுள்ள நேரம் அது. விமான நிறுவனங்கள் அதில் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக்கொள்ளும். விமானி "இருபது நிமிடம் முந்தி வந்துவிட்டோம்" என்று பெருமையாக அறிவிப்பது பல வேளை அந்தத் தாராளத்தின் புண்ணியம்.

இதை விளக்க எங்கள் பக்கத்திலேயே நல்ல சோடி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை சுமார் 354 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து சென்னை சுமார் 644. ஏறத்தாழ இரட்டிப்பு. ஆனால் பலாலி விமானம் ஒன்றேகால் மணி எடுக்கிறது, கட்டுநாயக்க விமானம் அதைவிடப் பத்து நிமிடம் முன்பின். பலாலிக்கு வருவது காற்றாடி பூட்டிய ஏ.டி.ஆர். விமானம், வேகம் மணிக்கு 500 அளவு. கட்டுநாயக்கவிலிருந்து போவது ஜெட். அத்தோடு ஊர்தல், ஏற்றம், இறக்கம் என்று இரண்டுக்கும் பொதுவான அரை மணி அப்படியே இருக்கிறது. தூரம் குறையக் குறைய அந்த அரை மணியின் பங்கு பெருக்கும். பதினொரு மணிப் பயணத்தில் அது தெரியாது, ஒரு மணிப் பயணத்தில் பாதியைத் தின்றுவிடும்.

சுருக்கம்: வகுத்து வரும் விடையோடு அரை மணியைக் கூட்டினால் நடுத்தர, நீண்ட ஜெட் பயணத்துக்குக் கிட்டத்தட்டச் சரிவரும். குறுந்தூரத்துக்கு எந்த விமானம் என்று தெரியாமல் வகுக்கவே கூடாது.

கச்சான் காற்றும் விமானமும்

போகும்போது ஒரு நேரம், வரும்போது இன்னொரு நேரம் ஏன்?

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நகரத்திலிருந்து சீனக்குடாப் பக்கம் சைக்கிள் மிதித்தவருக்கு இது பாடம் எடுக்கத் தேவையில்லை. போகும்போது முகத்தில் அறைகிற காற்று, திரும்பும்போது முதுகைத் தள்ளும். (கச்சான் என்றால் எங்களுக்குக் கடலையும்தான். இங்கே மேற்கேயிருந்து வருகிற வறட்டுக் காற்றைச் சொல்கிறேன்.)

ஆனால் சைக்கிள் நிலத்தில் ஊன்றி ஓடுகிறது. விமானத்துக்கு இன்னும் பொருத்தமான உவமை வள்ளம். நீரோட்டத்துக்குள் நிற்கிற வள்ளத்தை, இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நீர் இழுத்துக்கொண்டு போகும். விமானமும் அப்படி. அது காற்றுக்குள் மிதந்து போகிறது, காற்றே நகர்ந்தால் அதோடு சேர்ந்து நகர்கிறது. ஆகவே இரண்டு வேகம். சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டால் வருவது காற்றுவேகம். கீழே நிலத்தோடு ஒப்பிட்டால் வருவது தரைவேகம். முன் கதிரையின் முதுகில் உள்ள திரையில் ஓடுகிற எண் இரண்டாவது.

உயரத்தில் காற்று மெல்ல வீசுவதில்லை. நடு அகலக்கோடுகளில், பத்துக் கிலோமீற்றர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறுபோல ஓடுகிற காற்று உண்டு. தாரைக்காற்று என்று பெயர். மணிக்கு 150, 200 கிலோமீற்றர் சாதாரணம், மாரியில் அதைவிடக் கூடும். கனடாவிலிருந்து கிழக்கே வரும்போது இது தள்ளிவிடும், திரும்பிப் போகும்போது மறிக்கும். ரொறன்ரோவிலிருந்து டுபாய் 13 மணிக்குள் என்றால், டுபாயிலிருந்து ரொறன்ரோ 14. 2020 பெப்ரவரியில் ஒரு புயல் நாளில், நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு போயிங் 747 வெறும் 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரைவேகம் 1,300ஐத் தாண்டியது. அதே நாளில் எதிர்த்திசையில் போனவர்கள் பாவம்.

போகும்போது இழந்ததை வரும்போது எடுத்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 900 கிலோமீற்றர் தூரம், விமானத்தின் காற்றுவேகம் 900, காற்று 100 என்று வையுங்கள். எதிர்த்துப் போகையில் 900ஐ 800ஆல் வகுக்க 67 நிமிடம் சொச்சம். காற்றோடு வருகையில் 900ஐ 1,000ஆல் வகுக்க 54. கூட்டினால் 121 நிமிடம் சொச்சம், காற்றே இல்லாவிட்டால் 120. எதிர்க்காற்றுக்குள் கூட நேரம் கிடக்கிறோம், அதனால் அதன் அடிதான் கூட.

உலகம் சுற்றுவதாலா?

இனி அந்தப் பழைய வாதம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது, பூமத்திய கோட்டருகே மணிக்கு 1,670 கிலோமீற்றர் வேகத்தில். விமானம் அந்தரத்தில் நிற்க, கீழே பூமி ஓடும், ஆகவே நேரம் கூடுவதும் குறைவதும் அதனால்தான் என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் ஹெலிகொப்டர் ஒன்று உட்துறைமுகத்துக்கு மேலே ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால், கீழே பார்க்கும்போது அரபிக் கடல் தெரிய வேண்டும்! தெரிவதில்லை.

ஓடுகிற பஸ்ஸுக்குள் குழந்தை பந்தை மேலே எறிந்தால் அது பின் ஆசனத்துக்குப் போகாமல் கைக்கே திரும்பி வருகிறது. பந்தும் பஸ்ஸின் வேகத்தில் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. அதுபோல நிலம், நிலத்தைப் போர்த்திய காற்று, அதற்குள் விமானம் எல்லாம் சேர்ந்தே சுற்றுகின்றன. சுற்றுதலுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. வெப்பமான தென்பகுதிக் காற்றும் குளிரான வடபகுதிக் காற்றும் சந்திக்கிற இடத்தில், ஓட்டத்தைக் கிழக்காகத் திருப்பிவிடுவது அதுதான். பூமி சுற்றுவது காற்றைத் திருப்புகிறது, காற்று விமானத்தைத் தள்ளுகிறது. நேரடியாக அது விமானத்தைத் தொடுவதில்லை.

மணிக்கூடு செய்கிற குழப்பம்

டிக்கெட்டை நீட்டியவரின் ஐந்தரை மணிக்கு வருவோம். கொழும்பில் பிற்பகல் 1.00, லண்டனில் மாலை 6.30 என்று போட்டிருந்தது என்று வைப்போம். கழித்தால் ஐந்தரை. ஆனால் புறப்பாடு கொழும்பு நேரம், வருகை லண்டன் நேரம். மாரிகாலத்தில் லண்டன் எங்களுக்கு ஐந்தரை மணி பின்னால். அதையும் சேர்த்தால் 11 மணி. திரும்பும்போது லண்டனில் இரவு 8.30, கொழும்பில் மறுநாள் பகல் 12.30. பார்த்தால் 16 மணி நேரம், உண்மையில் பத்தரை. 11க்கும் பத்தரைக்கும் உள்ள வித்தியாசம் காற்று. மீதியெல்லாம் மணிக்கூடு.

கோடையில் லண்டன்காரர் மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளுவதால் இடைவெளி நாலரை ஆகும். ரொறன்ரோவும் அப்படி, மாரியில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. எங்கள் வயதுக்காரருக்கு இந்தக் குழப்பம் பழக்கம்தான். 1996இல் நாட்டின் நேரத்தை மாற்றினார்கள், 2006இல் பழையபடி கொண்டுவந்தார்கள். இடையில் வடக்கு கிழக்கில் பல இடங்களில் மாற்றாமலே இருந்தார்கள். "பழைய நேரமோ புதிய நேரமோ?" என்று கேட்காமல் ஒரு கலியாண முகூர்த்தத்துக்கும் போக முடியாத காலம்.

மச்சாள் வந்த கணக்கு

மச்சாள் கடைசியில் வானில்தான் வந்தாள், நாங்கள் போய்த்தான் ஏற்றினோம். கட்டுநாயக்கவில் வெளியே வரும்போது இரவு எட்டு மணி. குருநாகல் தாண்டி ஒரு கடையில் நிறுத்திப் பிளேன்டீ குடிக்கையில், கைத்தொலைபேசியை எடுத்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கினாள். வீட்டிலிருந்து இறங்கி ரொறன்ரோ விமான நிலையத்தில் காத்திருந்தது நாலு மணி. டுபாய் வரை 13. டுபாயில் நாலு. கட்டுநாயக்க வரை நாலேகால். குடிவரவு வரிசை, பெட்டிகள் வர ஒன்றரை. இனி ஊருக்கு ஆறு. கூட்டினால் 33 மணிக்குக் கால் மணி குறைவு. அதில் கதவு பூட்டின விமானத்துக்குள் இருந்தது 17 மணி சொச்சம்.

"14,000ஐ 33ஆல பிரிச்சா எவ்வளவு?" என்று பின்னால் இருந்த மகனைக் கேட்டாள். அவன் 424 என்றான்.

"பலாலிக்கு வாற சின்ன பிளேனை விட மெதுவாத்தான் வந்திருக்கிறம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த ஆறு மணியைத் தனியாக எடுத்துப் பார்த்தாள். நேர்கோட்டில் 207 கிலோமீற்றர், ஆறு மணி. "34" என்றான் மகன், கேட்காமலே. சாரதி கண்ணாடியில் அவனைப் பார்த்துவிட்டு, கோப்பையை வைத்துவிட்டு எழும்பி, ஹபரணைக் காட்டில் யானை மறித்தால் அதுவும் குறையும் என்றார்.